தோர்லாவில் கரண்டு இருக்கிறது

டிசம்பர் 2

இன்று மதியம் ஜெனரேட்டரை நிறுத்தினோம். சுவிட்சை நானே கையால் இறக்கினேன். வருஷக்கணக்காக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றதும், ஏதோ விபத்து என்று நினைத்து ஆட்கள் வெளியே ஓடி வந்தார்கள். சமையல்கூடத்திலிருந்து ஒருவர் கரண்டியோடு வந்து நின்றார். உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன.

"இன்னா மேடம், எல்லாரும் அண்ணாந்து பாத்துகினு நிக்கிறாங்க, பிளேன் வந்த மாதிரி" என்றார் நாயிப் சுபேதார் ஏகாம்பரம். குடியாத்தத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் 'சாப்'. ராணுவப் பொறியாளர்களான எங்கள் சாப்பர் குழுவில் எனக்கு அடுத்த பொறுப்பு அவருக்குத்தான். வருகிற ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார்.

இனி இந்தத் தோர்லா முகாம் சொந்த மின்சாரத்தில் நிற்கும். தெற்குச் சரிவு முழுக்க சோலார் பேனல்கள். பாதி மண்ணுக்குள் புதைத்த பேட்டரி அறை. இரண்டையும் பார்த்துக்கொள்ள ஒரு கட்டுப்பாட்டு அலமாரி. வெளி உலகத்தோடு ஒரு கம்பிகூடச் சேராத தனி மின்கட்டமைப்பு, அதாவது மைக்ரோகிரிட். ஜெனரேட்டர்கள் இரண்டும் இனி ஆபத்துக்கு மட்டும். வெளியிலிருந்து கம்ப்யூட்டர் வழியாக உள்ளே வருவதற்கு அலமாரியில் ஒரு இணைப்புத் துளை உண்டு. அதைத் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ்காரர்கள் அரக்கு வைத்து மூடி முத்திரை குத்திவிட்டார்கள். 'எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது' என்ற நிரந்தர ஆணையை எழுதியவள் நான்.

கர்னல் ராத்தோர் வந்து பார்த்தார். "சத்தம் போடாத எதையும் நான் நம்புவதில்லை, கேப்டன்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். பரவாயில்லை. குளிர்காலம் முழுக்க இருக்கிறது.

கட்டுப்பாட்டு அறைக் கதவில் எங்கள் குழுவின் நாயக் ஒச்சப்பன் பெயிண்ட் அடித்திருக்கிறார்: கேப்டன் செண்பகவல்லி, பொறுப்பு அதிகாரி. இந்தியில் என் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார். அழகான தப்பு. திருத்தச் சொல்லவில்லை.

டிசம்பர் 8

ஞாயிறு. சாட்டிலைட் போனில் என் முறை. வரிசையில் நின்று அம்மாவிடம் பேசினேன்.

"ஏட்டி, சாப்ட்டியா? அங்க கரண்டு இருக்கா?"

"இருக்கும்மா."

"இங்க கோயில்பட்டியில நேத்து பூரா இல்ல. மரம் விழுந்துட்டுன்னான். ஒனக்கு என்ன வேலைன்னு கேக்கான் ஒங்க மாமா. நான் என்னத்தச் சொல்ல? துப்பாக்கியெல்லாம் கெடையாது, கரண்டு ஆபீஸ் மாதிரின்னேன்."

கரண்டு ஆபீஸ்! சிரித்துக்கொண்டே வைத்துவிட்டேன். கல்யாணத்தைப் பற்றி அம்மா கேட்கவில்லை. கேட்கப் போனாள், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

சாக்ஸ் துவைத்தேன். காய்வதற்கு முன்பே பலகை மாதிரி விறைத்துவிட்டது.

டிசம்பர் 17

முதல் பெரிய பனி. பேனல்கள் மூடிக்கொண்டன. ஆளுக்கொரு துடைப்பான் எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினோம். ரப்பர் முனை வைத்த நீளக்கட்டை அது. கண்ணாடியில் கீறல் விழாமல் தள்ள வேண்டும். துடைத்த பேனல் ஒவ்வொன்றும் கறுப்பாக மின்னியதும் கீழே அறையில் மீட்டர் முள் ஏறுகிறது. மனதுக்கு நிறைவான வேலை.

ஏகாம்பரம் சாப் பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். காட்சி நன்றாக இருக்கிறது என்றார். உண்மைதான், எதிர் மலை வெள்ளி மாதிரி இருந்தது. இருமல் இருக்கிறது அவருக்கு. இந்த வறண்ட காற்றில் யாருக்குத்தான் இல்லை.

டிசம்பர் 22

பேட்டரி அறையில் ஒரு குற்றம் கண்டுபிடித்தேன்.

அந்த அறைதான் முகாமிலேயே எப்போதும் ஒரே கதகதப்பில் இருக்கும் இடம். குளிர்ந்தால் பேட்டரி வேலை செய்யாது என்பதால் அது தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். இன்று சோதனைக்குப் போனால், கதவுக்குப் பின்னால் ஈரத்துணி மூடிய ஒரு தூக்குச்சட்டி. திறந்தால் இட்லி மாவு. நன்றாகப் பொங்கியிருந்தது.

"ஒச்சப்பன்!"

"மேடம், கதவோரமாத்தேன் வச்சேன் மேடம். பேட்டரியத் தொடவே இல்ல. எங்கிட்டும் மாவு புளிக்க மாட்டேங்குது, என்ன செய்யச் சொல்றீக?"

பேட்டரி அறையில் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது என்பதைப் பத்து நிமிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இனி நடந்தால் தண்டனை என்றேன். அப்புறம் ஆறு இட்லி சாப்பிட்டேன். ஏகாம்பரம் சாப் தன் பங்கை ஒச்சப்பனுக்குத் தள்ளிவிட்டார். டாக்டரம்மாவிடம் காட்டிக்கொள்ளச் சொன்னேன். "பாத்துட்டேன் மேடம், சளின்னு சொல்ட்டாங்க" என்றார்.

ஜனவரி 3

கணவாய் மூடிவிட்டது. பனிச்சரிவு. வண்டி வரிசை அந்தப் பக்கமே நின்று திரும்பிவிட்டது. யாருக்கும் அடி இல்லை என்பது பெரிய விஷயம். அந்த வண்டிகளில்தான் எங்கள் டீசலும் மண்ணெண்ணெயும் வருவதாக இருந்தது.

கர்னல் கூப்பிட்டு இருப்பு என்ன என்று கேட்டார். சொன்னேன். "ஆக, உன் கண்ணாடிகளைத்தான் நம்பியிருக்கிறோம்" என்றார். ஆமாம் சார் என்றேன். 

ஜனவரி 5

பனி. துடைத்தோம்.

ஜனவரி 6

பனி. துடைத்தோம். மதியம் மறுபடி துடைத்தோம்.

ஜனவரி 7

பனி. காலையில் சரிவுக்குப் போனபோது எங்களுக்கு முன்னால் அங்கே ஆட்கள் இருந்தார்கள். கூர்க்காக்கள், பீரங்கிப் படையின் சர்தார்கள், சமையல்காரர்கள். துடைப்பான் போதாமல் சப்பாத்திப் பலகைக்குக் கம்பளி சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கீழ்வரிசையில் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு கர்னல் ராத்தோரும் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சத்தம் போடாதே, துடை" என்றார்.

இந்த மாதிரி ஒரு வரிசையை நான் பார்த்ததில்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 9

ஏகாம்பரம் சாப் காலையில் கட்டுப்பாட்டு அறை வாசலில் விழுந்துவிட்டார். உதடு நீலமாக இருந்தது. மூச்சில் கொதிக்கிற பானை மாதிரி ஒரு சத்தம். நானும் ஒச்சப்பனும் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மேஜர் லின்சி குரியன்தான் இங்கே டாக்டர். கோயம்புத்தூரில் படித்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, உயரத்தினால் வருவது என்றார். கீழே இறக்கினால் சரியாகிவிடும். ஆனால் இந்த மேகத்தில் ஹெலிகாப்டர் வராது.

"இவர் என்கிட்ட வரவே இல்லையே செண்பகா. எத்தனை நாளா இருமல்?"

மூன்று வாரமாக என்றேன்.

ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. அறைக்கு ஹீட்டரும் வேண்டும். இரண்டும் என் கம்பியில்.

ஜனவரி 10

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பேனல்களிலிருந்து வரும் மின்சாரம் நின்றது. மண்ணுக்குள் மின்சாரம் கசிகிறது என்று கண்டுபிடித்து அலமாரி தானாகவே பேனல்களைத் துண்டித்துவிட்டது. நல்ல பாதுகாப்புதான்; இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். சரிவிலிருந்து இறங்கும் தாய்க் கேபிளில் எங்கோ உறை கிழிந்திருக்கிறது. எங்கே என்று தெரியாது. குழாய்க்குள், பாறைகளுக்கு நடுவே, ஆள் உயரப் பனிக்கு அடியில் இருக்கிறது அது.

ஜெனரேட்டரைப் போட்டோம். ஒன்று ஓடியது. இரண்டாவதன் பம்பு குளிரில் விரிசல் விட்டுவிட்டது. மிச்சமிருக்கும் டீசல் இப்படியே எரித்தால் மூன்று நாளைக்குத் தாங்கும்.

கர்னல் அறையிலிருந்து, இந்த அமைப்பைச் செய்துகொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டோம். பெங்களூரில் சத்யநாராயணா என்ற இன்ஜினியர். நல்ல மனிதர், இந்த அலமாரியை உருவாக்கியவர்களில் ஒருவர். சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன்.

"மேடம், ஒரு லைன் மட்டும் குடுங்க. சாட்டிலைட் மூலமா நான் உள்ள வந்து அந்தப் பாதுகாப்ப மாத்திடறேன். கசிவோட ஓடட்டும். பனி விட்ட பிறகு கேபிள் பாத்துக்கலாம். பத்து நிமிஷ வேலை."

வைத்துவிட்டுத் திரும்பினேன். கர்னல் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜர் லின்சியும் இருந்தார்.

"பத்து நிமிஷம்னு சொல்றாரு இல்லையா?" என்றார் லின்சி.

"அரக்கு முத்திரையை உடைக்கணும் மேடம்."

"உடை. எனக்கு அங்க ஒருத்தர் மூச்சு விட முடியாம கிடக்கிறார். உன் ஆளு அவர். உனக்கு உன் முத்திரை பெருசா?"

 கர்னல், "அவசரத்தில் அனுமதி கொடுக்கிற அதிகாரம் எனக்கு உண்டு. ஆனால் ஆணையை எழுதியவள் நீ. உன் கருத்தைச் சொல்" என்றார்.

சொன்னேன். ஒரு முகாம் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறது என்று தெரிந்தால் போதும். எத்தனை பேர் இருக்கிறோம், ரேடார் எப்போது ஓடுகிறது, எப்போது இருட்டில் கிடக்கிறோம் என்று எல்லாம் தெரிந்துவிடும். சத்யநாராயணாவுக்குத் திறக்கிற கதவு அவர் ஒருவருக்காக மட்டும் திறக்காது. இந்தப் பள்ளத்தாக்கில் எங்களுக்கு முன்னால் இன்னும் நான்கு காவல் நிலைகள் எங்கள் ரேடாரையும் வயர்லெஸ்ஸையும் நம்பி இருக்கின்றன. அது தவிர, கசிவோடு ஓட்டினால் பேட்டரி அறை தீப்பிடிக்கலாம். அப்போது மருத்துவ அறைக்கும் சேர்த்து எதுவும் மிஞ்சாது.

"அப்ப அவர்?" என்றார் லின்சி.

"உங்க ரூம் இருட்டாகாது மேடம். மத்த எல்லாத்தையும் அணைக்கிறேன். ரேடார், வயர்லெஸ், உங்க ரூம். இது மூணு மட்டும் ஓடும். எனக்கு ரெண்டு பகல் வேணும். ரெண்டாவது நாள் பொழுது சாயறதுக்குள்ள கேபிளைக் கண்டுபிடிக்கலேன்னா முத்திரையை நானே உடைக்கிறேன்."

"முதலில் எதை அணைப்பாய்?" கர்னல் கேட்டார்.

"ஆபீசர்ஸ் மெஸ், சார். அதற்கு அடுத்து உங்கள் குடியிருப்பு."

"நல்லது. வேறு ஏதாவது சொல்லியிருந்தால் உன்னை இங்கிருந்தே அனுப்பியிருப்பேன்."

சாயங்காலத்துக்குள் முகாம் முழுக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்டது. கடைசி மண்ணெண்ணெயில், கூடத்தைச் சூடாக்க ஒரே ஒரு புகாரி அடுப்பு. அதைச் சுற்றி, மத்தி மீன் டப்பாவில் அடுக்கிய மாதிரி, எல்லோரும். சர்தார்கள் பாடினார்கள். கூர்க்காக்கள் பாடினார்கள். ஒச்சப்பன் உசிலம்பட்டிக் கும்மிப்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். அர்த்தம் தெரியாமலேயே எல்லோரும் கை தட்டினார்கள். அர்த்தம் தெரிந்த நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்கு மருத்துவ அறையில் ஒரு ஓரம் கொடுத்தார்கள். மெஷின் சத்தம் சீராக இருக்கிறது. சத்தம் போடாததை நம்ப மாட்டேன் என்று கர்னல் சொன்னது இன்று எனக்குப் புரிகிறது.

ஜனவரி 11

முதல் பகல் முடிந்தது.

கேபிளின் பாதித் தூரத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் தோண்டி எடுத்து, கேபிளை அங்கே பிரித்து, மேல் பாதி, கீழ் பாதி என்று தனித்தனியாக மீட்டர் வைத்துப் பார்த்தோம். கீழ் பாதி சுத்தம். மேல் பாதியில் கசிவு. அதையும் பாதியாக்கலாம் என்றால் அடுத்த பெட்டி பாறை இடுக்கில் ஐஸோடு ஐஸாக இருந்தது. தோண்டவே பொழுது போய்விட்டது. ஆட்கள் சலிக்காமல் மாறி மாறித் தோண்டினார்கள்.

பெட்டியின் திருகுகள் அரிசி அளவு. கையுறையோடு பிடிக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றினேன். ஒச்சப்பன் அவரே செய்வதாகச் சொன்னார். காலையிலிருந்து கடப்பாரை பிடித்து அவர் கை உதறிக்கொண்டிருந்தது.

சாப் கண் திறந்தார். "கண்டுபுட்சிட்டீங்களா?" என்றார். நாளைக்கு என்றேன். முகமூடிக்குள் ஏதோ சொன்னார், கேட்கவில்லை.

எழுத்து கோணலாகப் போகிறது. பேனா மை உறைந்துவிட்டது போல.

ஜனவரி 12

கண்டுபிடித்தோம்!

விடிந்ததும் போய்விட்டோம். இரண்டாவது பெட்டியைத் திறந்து பார்த்ததில் பிரச்சினை அதற்கும் மேலே என்று தெரிந்தது. அங்கிருந்து கடைசி வரை தோண்ட நேரம் இல்லை. ஓரிடத்தில்தான் தோண்ட முடியும். எங்கே என்று முடிவு செய்ய வேண்டியவள் நான்தான்.

மேலே நின்று பார்த்தேன். போன கோடையில் இந்தக் குழாயைப் பதித்தபோது ஓரிடத்தில் பாறையைச் சுற்றி வளைத்தோம். பாறைக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி இருந்தது எனக்கு ஞாபகம். இடைவெளியில் தண்ணீர் இறங்கும்; தண்ணீர் உறையும்; உறைந்தால் பெருக்கும்; குழாயைப் பாறை விளிம்பில் வைத்து நெரிக்கும். பாறையின் கிழக்கு மூலையைக் காட்டி, "இங்கே" என்றேன்.  

"இங்கயேதேனா மேடம்?"

"இங்கேயேதான்."

மதியம் தாண்டி, கடப்பாரை குழாயில் பட்டது. ஒச்சப்பன் கையால் பனியை விலக்கினார். குழாய் கரும்புச் சக்கை மாதிரி நசுங்கி உடைந்திருந்தது. உள்ளே கேபிளின் உறை பிளந்து செம்பு தெரிந்தது. ஒச்சப்பன் போட்ட கூச்சலில் கீழே இருந்தவர்கள் பனிச்சரிவு என்று நினைத்து ஒதுங்கிவிட்டார்கள்.

கெட்ட பகுதியை வெட்டி எறிந்து புதுத் துண்டு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு இழையையும் சீவி, குழல் மாட்டி, நசுக்கி, உறை ஏற்றிச் சூடாக்க வேண்டும். அதைக் கையுறை போட்டுக்கொண்டு செய்கிறவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லட்டும். நாலு பேர் என்னைச் சுற்றித் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு காற்றை மறைத்தார்கள். கூர்க்கா ஹவில்தார் ஒருவர் அவ்வப்போது என் கையை எடுத்துத் தன் கோட்டுக்குள், அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் அண்ணன்கூட அப்படிச் செய்திருக்க மாட்டான்.

வெளிச்சம் மங்குவதற்குள் இறங்கி வந்து மீட்டர் பார்த்தேன். கசிவு இல்லை. சுவிட்சை ஏற்றினேன். முள் மெல்ல அசைந்து நின்றது. மேகத்துக்குள்ளிருந்து கிடைத்த கொஞ்சம் வெளிச்சம்தான்; ஆனால் வந்தது.

கர்னல் அலமாரிக்கு முன்னால் வந்து நின்று அரக்கு முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து சல்யூட் அடித்தார். மூத்த அதிகாரி முதலில் அடிக்கிற வழக்கம் கிடையாது. பதிலுக்குக் கை தூக்கினேன். விரல்கள் சேர்ந்து நிற்கவில்லை.

ஜனவரி 13

வெயில்! துடைக்கத் துடைக்க மின்னுகிறது சரிவு. மதியத்துக்குள் கூடத்துக்கும் குடியிருப்புகளுக்கும் மின்சாரம் திரும்பியது. கடைசியாக ஆபீசர்ஸ் மெஸ்.

பென்சிலால் எழுதுகிறேன். இடது கையால். கொஞ்ச நாள் பழகினால் சரியாக வரும். லின்சி மேடம் வலது கையில் பனியில் உறைந்து வெளுத்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டுப் போட்டபோது, "அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தார்.

"உங்க பேஷண்டுக்காகப் பேசினீங்க மேடம். பேசலேன்னாதான் தப்பு."

வலி இல்லை. அதுதான் நல்ல அறிகுறி இல்லை என்கிறார்.

ஜனவரி 14

பொங்கல். ஒச்சப்பன் மின்னடுப்பில் பொங்கல் வைத்தார். "சூரியன் குடுத்த கரண்டுல சூரியனுக்கே பொங்கல் மேடம். யாருக்குக் கெடைக்கும்?" என்றார். நெய் இல்லை, முந்திரி இல்லை. மூன்று வகைப் படைக்காரர்களும் "பொங்கலோ பொங்கல்" என்று அவரவர் நாக்கு வளைந்தபடி கத்தினார்கள்.

பானை இறக்குவதற்குள் ஹெலிகாப்டர் சத்தம். ஏகாம்பரம் சாப்பை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தோம். நேற்றைவிட முகம் தெளிந்திருந்தது. கர்னல் இரண்டாவது இருக்கையைக் காட்டி என்னை ஏறச் சொன்னார். குளிர்காலம் முடியவில்லை சார் என்றேன்.

"மேஜர் லின்சி சொல்லிவிட்டார். இது உத்தரவு. நீ இல்லாமல் உன் அமைப்பு ஓடாது என்றால் அது என்ன அமைப்பு?"

சாவியை ஒச்சப்பனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு விறைப்பாக நின்றார். "மாவு வைக்க மாட்டேன் மேடம்" என்றார். கண் கலங்கியிருந்தது. காற்று அதிகம்.

மேலிருந்து பார்த்தேன். வெள்ளை மலையில் கறுப்புச் சதுரங்கள், வரிசை வரிசையாக. அத்தனையும் எங்கள் கையால் பதித்தவை.

ஜனவரி 27

கீழே, ராணுவ மருத்துவமனை. சுண்டுவிரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். மோதிரவிரல் பிழைத்துக்கொண்டது. அம்மாவிடம் கதவிடுக்கில் நசுங்கியதாகச் சொன்னேன். 

"என்ன கதவுட்டி அது?" என்றாள்.

அப்புறம் அவளே, "சரி. நீ சொல்லுத கதவுதான். ஒங்க மாமா இனி கேட்டா, கரண்டு ஆபீஸ்னு சொல்லமாட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 6

இன்று ஒச்சப்பன் போன் செய்தார். பிரிகேட் தலைமையகத்திலிருந்து ஒரு பரிசோதனைக் குழு வந்ததாம். அந்தக் குழுவின் தலைவர் யாரிடமும் சொல்லாமல் நேராகப் போய், பேனல்களின் பெரிய சுவிட்சைத் தானே இறக்கிவிட்டாராம்.

"நாங்க பேட்டரி ரூம்ல இருந்தம் மேடம். எங்களுக்கே தெரியல, பேட்டரி அப்பிடியே ஏந்திக்கிருச்சு. லைட்டு கண்ணு சிமிட்டல மேடம்! அவரு சுவிட்ச இன்னொருக்க இறக்கிப் பாத்தாரு, ரிப்பேரோன்னு நெனச்சு." கர்னல் பக்கத்தில் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தாராம். பள்ளத்தாக்கில் இன்னும் மூன்று முகாம்களில் இதே அமைப்பை வைக்கப் போகிறார்கள். ஒச்சப்பன் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். "எனக்கு இந்தி சுத்தமா வராதே மேடம்" என்றார். கையைக் காட்டிச் சொல்லுங்கள், அது போதும் என்றேன்.

செய்தியைச் சொல்ல ஏகாம்பரம் சாப்பின் வார்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நன்றாக உடம்பு தேறிவிட்டது. இருமலை ஏன் மறைத்தீர்கள் என்று இத்தனை நாளில் நான் கேட்கவில்லை. இன்று அவராகவே சொன்னார்.

"சொன்னா கீழ அனுப்ச்சிருப்பீங்க. இருவத்தெட்டு வருசம் பாலம் கட்டனேன், ரோடு போட்டேன், எல்லாத்தயும் பாதில வுட்டுட்டு அடுத்த எடம் போயிட்டேன். ஒன்னாவது ஓடி முடிக்கறத பாக்கணும்னு இருந்துது. தப்புதான். உங்க வெரல வாங்கிட்டேன்."

"விரலை வாங்கினது பனி, சாப். நீங்க இல்ல."

ஒச்சப்பன் சொன்னதைச் சொன்னேன். உரித்த சுளையைக் கையில் வைத்தபடியே கேட்டார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அப்போது ஊரில் மின்சாரம் போனது. வார்டு இருண்டது. ஹீட்டர்களும், எங்கேயோ ஓடிய டிவியும் நின்றன. மற்ற நோயாளிகள் யாரும் அசையவில்லை, பழகியவர்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரே நேரத்தில் அண்ணாந்து விளக்கைப் பார்த்தோம். கீழே எங்கோ ஜெனரேட்டர் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன.

"இன்னா மேடம் இது, இவ்ளோ நேரமா? நம்ம ஊட்ல இப்டி வுடுவமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். சிரித்ததில் சுளை கீழே விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பீகார்க்கார ஹவில்தார், மொழி புரியாவிட்டாலும் ஏதோ புரிந்தவராக, இந்தியில் கேட்டார்: "உங்கள் ஊரில் மின்சாரம் போகவே போகாதா? எந்த ஊர்?"

சாப் குடியாத்தம் என்று சொல்லவில்லை. நானும் கோவில்பட்டி என்று சொல்லவில்லை.

"தோர்லா" என்றோம்.